மூச்சு இருந்தும் திணறும் செல்கள்: பூச்சிமருந்து நஞ்சு உடலின் ஆற்றலை எப்படி முடக்குகிறது

ஏப்ரல் மாதம் புதுக் கோதுமை சந்தைக்கு வந்ததும், ஓராண்டுக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கித் தகர டிரம்மில் கொட்டி வைக்கும் பழக்கம் தில்லியில் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. வண்டு விழாமல் இருக்க, சாம்பல் நிற மாத்திரை ஒன்றைப் பழைய துணியில் முடிந்து தானியத்துக்கு நடுவே புதைத்து மூடிவிடுவார்கள். வழக்கில் அதற்கு ‘சல்ஃபாஸ்’ என்று பெயர். வேதிப்பெயர் அலுமினியம் பாஸ்பைடு. ஆர்.கே. புரத்திலும் மயூர் விஹாரிலும் வாழும் நம் தில்லித் தமிழர்கள் கோதுமையை இப்படிச் சேர்த்து வைப்பது குறைவுதான். ஆனாலும், ஊரிலிருந்து வந்த பொன்னி அரிசி மூட்டையில் வண்டைக் கண்டு கலங்கி நிற்கும்போது, பக்கத்து வீட்டார் நல்லெண்ணத்தோடு கொடுக்கும் மாத்திரையை வாங்கி அரிசி டிரம்மில் போட்டுவிடும் குடும்பங்களை நான் அறிவேன். பிளஸ் டூ வகுப்பில் செல்லின் சுவாசத்தைப் பற்றிப் பாடம் நடத்தும் எனக்கு, அந்த மாத்திரை தாக்குவது நான் கரும்பலகையில் வரையும் அதே படத்தின் கடைசிக் கட்டத்தைத்தான் என்பது ஒவ்வொரு ஆண்டும் நினைவுக்கு வருகிறது. உயிரியல் படிக்காத பெற்றோருக்கும் அந்தப் படம் விளங்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

நாம் உண்ணும் சோறு நேரடியாக எந்தத் தசையையும் அசைப்பதில்லை. அது செரித்துக் குளுக்கோஸாகி, செல்லுக்குள் சென்று, படிப்படியாக எரிக்கப்பட்டு, அதில் வெளிப்படும் ஆற்றல் ஏ.டி.பி. என்னும் சிறு மூலக்கூறில் ஏற்றப்படுகிறது. இதயம் சுருங்குவதும், நரம்பில் செய்தி ஓடுவதும், சிறுநீரகம் உப்பை மீட்பதும் எல்லாம் இந்த ஏ.டி.பி.யைச் செலவழித்துத்தான். இதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை. ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்து, சென்னையில் மருத்துவம் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து 1929-இல் தசையிலிருந்து ஏ.டி.பி.யைப் பிரித்துக் காட்டினார். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதைத் தனியே கண்டறிந்தார்.

ஏ.டி.பி.யைப் பற்றி முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது, உடலில் அதற்குக் கையிருப்பு கிடையாது என்பதுதான். கொழுப்பைச் சேமிக்கலாம், சர்க்கரையைக் கல்லீரலில் ஓரளவு சேமிக்கலாம், ஏ.டி.பி.யை அப்படிச் சேமிக்க முடியாது. எந்த நொடியிலும் உடலில் இருப்பது மிகக் கொஞ்சம். ஆனால் ஒரே நாளில் உடல் செய்து செலவழிக்கும் ஏ.டி.பி.யைக் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய நம் உடல் எடை அளவுக்கு வரும். அதே மூலக்கூறுகள் திரும்பத் திரும்ப நிரப்பப்பட்டுக் காலியாகிக்கொண்டே இருக்கின்றன. இதயத் தசையில் இருக்கும் ஏ.டி.பி. முழுவதும் சில நொடிகளுக்கே தாங்கும். ஆகவே நிரப்பும் இடத்தில் கை வைக்கும் நஞ்சு, உடலுக்கு அவகாசமே கொடுப்பதில்லை.

நிரப்பும் இடம் மைட்டோகாண்ட்ரியா. செல்லுக்குள் இருக்கும் இந்த நுண்ணுறுப்புக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. நமக்கு வேண்டியது உட்சவ்வு. உணவிலிருந்து பிரிந்த எலக்ட்ரான்கள் அந்தச் சவ்வில் பதிந்திருக்கும் நான்கு பெரிய புரதக் கூட்டங்களின் வழியே கைமாறிச் செல்கின்றன. கைமாறும்போது வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு அவற்றுள் மூன்று கூட்டங்கள் புரோட்டான்கள் என்னும் நேர்மின்னேற்றத் துகள்களைச் சவ்வுக்கு மறுபுறம் தள்ளுகின்றன. மேட்டூர் அணையில் நீர் தேங்குவதுபோல் புரோட்டான்கள் ஒரு பக்கத்தில் தேங்குகின்றன, தேங்கியவை ஏ.டி.பி. சிந்தேஸ் என்னும் சுழலும் புரதத்தின் வழியே திரும்பப் பாயும்போது, டர்பைன் சுழன்று மின்சாரம் பிறப்பதைப்போல அந்தச் சுழற்சியில் ஏ.டி.பி. உருவாகிறது. பிரிட்டனைச் சேர்ந்த பீட்டர் மிட்செல் 1961-இல் இந்தக் கருத்தை முன்வைத்தபோது பலர் ஏற்கவில்லை. 1978-இல் அதற்காகவே அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. சுழலும் புரதம் வேலை செய்யும் விதத்தை விளக்கிய பால் போயரும் ஜான் வாக்கரும் 1997-இல் அதே பரிசில் பங்கு பெற்றார்கள்.

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்டால், மாணவர்களில் பெரும்பாலோர் உடனே பதில் சொல்வதில்லை. எலக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறி வந்து கடைசியில் எங்காவது போய்ச் சேர வேண்டும். அவற்றைப் பெற்றுக்கொண்டு நீராக மாறுவதே ஆக்சிஜனின் வேலை. நாம் உள்ளிழுத்துப் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு, சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்னும் நான்காம் கூட்டத்தில்தான் செலவாகிறது. நுரையீரல், ரத்தம், இதயம் ஆகிய மூன்றும் சேர்ந்து செய்யும் அத்தனை உழைப்பும் இந்த ஒரு நொதியின் வாசல் வரை ஆக்சிஜனைக் கொண்டு சேர்ப்பதற்காகவே. அந்த வாசல் அடைபட்டால், ரத்தம் நிறைய ஆக்சிஜன் இருந்தும் செல்லுக்கு அது பயன்படாது.

அந்த மாத்திரை கை வைப்பது இந்த வாசலில்தான்.

அலுமினியம் பாஸ்பைடு உலர்ந்திருக்கும் வரை திடப்பொருள். காற்றிலுள்ள ஈரமோ நீரோ அமிலமோ பட்டால் அது பாஸ்பீன் என்னும் வாயுவை வெளியிட்டு, தான் அலுமினியம் ஹைட்ராக்சைடு தூளாக மிஞ்சுகிறது. தூய பாஸ்பீனுக்கு மணம் இல்லை. மாத்திரையிலிருந்து வருவதில் கலந்திருக்கும் மாசுகளால்தான், மூடிய டிரம்மைத் திறந்ததும் பூண்டு போலவோ கெட்டுப்போன மீன் போலவோ வாடை அடிக்கிறது. வாடை இல்லை என்பதால் வாயு இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. பாஸ்பீன் காற்றைவிடச் சற்றுக் கனமானது; காற்றோட்டமில்லாத அறையில் அது தாழ்வான இடங்களில் தேங்கக்கூடும். தில்லியின் ஜனவரிக் குளிரில் ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டுத் தரையில் மெத்தை விரித்துப் பிள்ளைகளைப் படுக்க வைக்கும் வீடுகளில் இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

நுரையீரல் வழியாகவோ வயிற்றிலிருந்தோ ரத்தத்தில் கலந்த பாஸ்பீன், செல்லுக்குள் புகுந்து சைட்டோகுரோம் ஆக்சிடேஸின் செயலைத் தடுக்கிறது. சயனைடும் கார்பன் மோனாக்சைடும் தாக்குவது இதே நொதியைத்தான். ஆய்வகத்தில் தனியே பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவில் இந்தத் தடை தெளிவாகத் தெரிகிறது. உயிருள்ள விலங்கின் உடலில் நொதி முழுவதுமாக நின்றுவிடுவதில்லை. ஆகவே நஞ்சின் வேகத்துக்கு இது மட்டும் காரணமாக இருக்க முடியாது. கடைசி வாசல் குறுகும்போது பின்னால் தேங்கும் எலக்ட்ரான்கள் வழிதவறி ஆக்சிஜனோடு அரைகுறையாகச் சேர்ந்து, சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற மூர்க்கமான மூலக்கூறுகளாகின்றன. அவை சவ்வுகளின் கொழுப்பையும் புரதங்களையும் சிதைக்கின்றன. ஆற்றல் உற்பத்தி குறைவதும், உற்பத்தி செய்யும் இடமே சேதமாவதும் ஒருசேர நடக்கின்றன.

இதற்கு வண்டுகளே இரண்டு சான்றுகளைத் தருகின்றன. ஆக்சிஜன் இல்லாத சூழலில் வைத்தால் பாஸ்பீன் பூச்சிகளை அவ்வளவாகக் கொல்வதில்லை என்பது பல பத்தாண்டுகளுக்கு முன்பே தெரியும்; நஞ்சு வேலை செய்வதற்கே செல் சுவாசித்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாவது, பாஸ்பீனுக்குச் சாகாமல் தாக்குப்பிடிக்கும் தானிய வண்டுகளின் மரபணுவைத் தேடிய ஆய்வாளர்கள் 2012-இல் ஒரு நொதியின் மாற்றத்தைக் கண்டறிந்தார்கள். குளுக்கோஸின் சிதைவுப் பொருளை மைட்டோகாண்ட்ரியாவின் எரிப்புச் சுழற்சிக்குள் அனுப்பும் வேலையில் பங்கு பெறும் நொதி அது. பூச்சி தப்பும் வழியும் ஆற்றல் வளர்சிதை மாற்றத்தின் பாதையில்தான் கிடைத்தது. வீட்டில் தாறுமாறாக மாத்திரை போடுவதால் வண்டுகள் இப்படிப் பழகிப்போகும் என்பதும் இதோடு சேர்த்து எண்ண வேண்டியது.

உடலில் வெளிப்படும் அறிகுறிகளை இந்தப் படத்தோடு பொருத்திப் பார்த்தால் ஒவ்வொன்றும் விளங்கும். மைட்டோகாண்ட்ரியா தளர்ந்ததும், செல் பழைய வழிக்குத் திரும்புகிறது; ஆக்சிஜன் இல்லாமலேயே குளுக்கோஸைப் பாதியில் உடைக்கிறது. முழுமையாக எரித்தால் ஒரு குளுக்கோஸிலிருந்து ஏறக்குறைய 30 ஏ.டி.பி. கிடைக்கும், பாதியில் உடைத்தால் நிகரமாகக் கிடைப்பது 2 மட்டுமே. ஈடுகட்டச் செல் சர்க்கரையை விரைந்து கரைக்கிறது. லாக்டிக் அமிலமும் குவிகிறது. 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிலைக்க வேண்டிய ரத்தத்தின் பி.எச். அளவு, அமிலம் கூடுவதால், சரிகிறது. அமிலத்தைக் குறைக்க உடல் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றப் பார்க்கிறது; அதனால் மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் வாங்குகிறது. பார்ப்பவர்களுக்கு அது ஆஸ்துமா போலத் தோன்றலாம்.

முதலில் சரிவது இதயம். இதயத் தசைச் செல்லின் பருமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மைட்டோகாண்ட்ரியாவே நிரப்பியிருக்கின்றன என்றால், அது எவ்வளவு பசியுள்ள உறுப்பு என்று தெரியும். ஏ.டி.பி. குறைந்ததும் சுருங்கும் வலிமை போகிறது. செல்லுக்குள் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் முறைப்படுத்தும் பம்ப் தடுமாறுவதால் துடிப்பின் ஒழுங்கும் கெடுகிறது. ரத்த அழுத்தம் இறங்கி, மருந்து கொடுத்தும் ஏறாமல் நிற்பதுதான் மருத்துவர்களை இந்த நஞ்சில் மிகவும் வாட்டும் நிலை.

இவ்வளவு நடந்தும், நஞ்சேறியவர் பல நேரங்களில் கடைசி வரை நினைவோடு பேசிக்கொண்டிருப்பார். வாந்தியும் வயிற்றெரிச்சலும் தாகமும் மட்டும் இருப்பதால், இது வெறும் ஃபுட் பாய்சன் என்று வீட்டார் நம்பி ஓ.ஆர்.எஸ். கலந்து கொடுத்துக்கொண்டிருப்பதும் உண்டு. கோவிட் காலத்தில் வாங்கி வைத்த விரல்நுனிக் கருவியை மாட்டிப் பார்த்து, எண் நன்றாக இருக்கிறது என்று ஆறுதல் கொள்வதும் உண்டு. அந்தக் கருவி ரத்தச் சிவப்பணுக்கள் எவ்வளவு ஆக்சிஜனைச் சுமக்கின்றன என்பதைத்தான் அளக்கும். செல் அதைச் செலவழிக்கிறதா என்பதை அளக்க அதனால் முடியாது. சிவப்பணுவுக்கு மைட்டோகாண்ட்ரியாவே இல்லை. நஞ்சு தாக்குவது அதற்கு அப்பால் உள்ள இடத்தை. மருத்துவமனையில் ரத்தத்தின் லாக்டேட் (லாக்டிக் அமிலம்) அளவையும் அமிலத்தன்மையையும் திரும்பத் திரும்பப் பரிசோதிப்பது இதனால்தான்.

வேறு இடங்களில் தாக்கும் பூச்சிமருந்துகள்

அணையின் ஒரு பகுதியைத்தான் இதுவரை பார்த்தோம். சுவரில் ஓட்டை விழுந்தாலும் மின்சாரம் நிற்கும் அல்லவா? குளோர்ஃபெனபிர் என்னும் பூச்சிமருந்து அந்த வகையைச் சேர்ந்தது. உட்கொண்டபோது அது முழு நஞ்சாக இருப்பதில்லை. உடலின் நொதிகளே அதன் ஒரு பகுதியை வெட்டி நீக்கி முழு நஞ்சாக்குகின்றன. அப்படி மாறிய மூலக்கூறு புரோட்டான்களைச் சுமந்துகொண்டு சவ்வைக் குறுக்கே கடந்துவிடும். சுழலும் புரதத்தைத் தொடாமல் புரோட்டான்கள் திரும்பிவிடுவதால் ஏ.டி.பி. உருவாகாமல் ஆற்றல் முழுவதும் வெப்பமாக வீணாகிறது. அதனால்தான் இதில் வியர்வையும் கடும் காய்ச்சலும் வருகின்றன. பாரசிட்டமால் இந்தக் காய்ச்சலைத் தணிக்காது. ஏனெனில் மூளை வெப்பத்தைக் கூட்டி வைத்ததால் வந்த காய்ச்சல் அல்ல இது. முதல் சில நாட்கள் பெரிய தொல்லை இல்லாமல் இருந்துவிட்டு, ஒரு வாரம் கழித்துத் திடீரென மோசமடைந்தவர்களை மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன. சரியாகிவிட்டது என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிடக் கூடாத நஞ்சு இது.

இதே வகையில் ஓட்டை போடும் டைநைட்ரோஃபீனால் என்னும் பொருளை 1930-களில் அமெரிக்காவில் உடல் இளைக்கும் மருந்தாக விற்றார்கள். உடல் வெந்து பலர் இறந்த பிறகு 1938-இல் நிறுத்தினார்கள். இணையத்தில் இன்னும் இதை இளைக்கும் மாத்திரையாக விற்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

டர்பைனையே இறுகப் பிடித்து நிறுத்துவது டயாஃபென்தியூரான். பருத்தியில் வெள்ளை ஈயை ஒழிக்கத் தெளிக்கப்படும் இது, வெயிலிலும் பூச்சியின் உடலிலும் வேறொரு பொருளாக மாறி ஏ.டி.பி. சிந்தேஸைக் கவ்வுகிறது. மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் 2017-ஆம் ஆண்டுப் பருத்திப் பருவத்தில், மருந்து தெளித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் நூற்றுக்கணக்கில் நோயுற்று, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அங்கே தெளிக்கப்பட்ட பல மருந்துகளில் இதன் பெயரும் அடிபட்டது. முகமூடியோ கையுறையோ இல்லாமல், ஆளுயரச் செடிகளுக்கு நடுவே, பல மருந்துகளைக் கலந்து தெளித்தவர்கள் அவர்கள். அந்த உழைப்பாளிகள் கைக்குப் பாதுகாப்புக் கருவிகள் ஏன் போய்ச் சேரவில்லை என்ற கேள்வியைக் கேட்காமல் நொதியின் பெயரை மட்டும் கற்பிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ரோட்டினோன் என்னும் பூச்சிமருந்து உட்சவ்வின் நான்கு புரதக் கூட்டங்களில் முதலாவதைத் தடுக்கிறது; எலிகளுக்கு அதை நெடுநாள் செலுத்தியபோது பார்க்கின்சன் நோயை ஒத்த மாற்றங்கள் தோன்றியதை 2000-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. களைக்கொல்லியான பாராகுவாட் வேறு விதம்: செல்லின் எலக்ட்ரான்களைப் பறித்து ஆக்சிஜனிடம் கொடுத்துக்கொண்டே இருக்கும், நுரையீரல் செல்கள் அதைத் தாமே இழுத்துச் சேர்த்துக்கொள்வதால் சேதம் அங்கே குவிகிறது.

எல்லாப் பூச்சிமருந்தும் ஆற்றலைத்தான் தாக்குகிறது என்று எண்ணிவிட வேண்டாம். நம் ஊர் வயல்களில் பரவலாக அறியப்பட்ட ஆர்கனோபாஸ்பேட் வகை, முதன்மையாக நரம்புச் செய்தியை முடித்துவைக்கும் நொதியை அடைக்கிறது. எச்சில் ஒழுகுவதும் கண்மணி சுருங்குவதும் அதனால்தான். அதற்கு அட்ரோபின் என்னும் மாற்று மருந்து உண்டு. பாஸ்பீனுக்கு அப்படி ஒரு தனி மருந்து இல்லை. ஆனால் இதைக் கேட்டுக் கைவிட வேண்டியதில்லை. மெக்னீசியம், இதயத்தைத் தாங்கும் மருந்துகள், அமிலத்தைச் சரிசெய்தல், வசதியுள்ள இடங்களில் இதயத்தின் வேலையைச் சில நாட்கள் வெளியிலிருந்து செய்யும் இயந்திரம் ஆகியவற்றால் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். இதயம் அந்தச் சில நாட்களைக் கடந்துவிட்டால் பெரும்பாலும் தேறிவிடுகிறது. நேரம்தான் இங்கே மருந்து.

வீட்டில் செய்ய வேண்டியது

இந்தியச் சட்டப்படி அலுமினியம் பாஸ்பைடு கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. அரசு நிறுவனங்களும் உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்களும் வல்லுநர் மேற்பார்வையில் கையாள வேண்டியது அது. கிடங்குகளில் மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடி, பல நாட்கள் வைத்திருந்து, காற்றாட விட்டு, வாயு போய்விட்டதா என்று கருவியால் அளந்த பிறகே திறப்பார்கள். அப்படிக் காற்றாடிய தானியத்தைச் சாப்பிடுவதில் அச்சம் வேண்டியதில்லை. படுக்கையறைக்கு அடுத்த சமையலறையில் துணியில் முடிந்து வைப்பதற்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கடையில் சில்லறையாகக் கிடைக்கிறது என்பதற்காக அது வீட்டுக்குரிய பொருளாகிவிடாது. இரண்டு மாதத்துக்கு வேண்டிய அரிசியை மட்டும் வாங்கி, நன்கு உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் போதும். வண்டு வந்தாலும் வெயிலில் பரப்பிப் புடைத்தால் போய்விடும்.

வீட்டில் ஏற்கெனவே மாத்திரை இருந்தால் கழுவித் தொட்டியில் விடுவதோ, அதன் மேல் நீர் ஊற்றுவதோ கூடாது, வாயு பெருகும். ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியேறி, உரிமம் பெற்றவர்களை அழைக்க வேண்டும். மனம் நொந்திருப்பவர் ஒருவர் உள்ள வீட்டில் இதை ஒரு நாள்கூட வைக்கக் கூடாது. கொடிய பூச்சிமருந்துகளைச் சந்தையிலிருந்து நீக்கிய இலங்கையில் தற்கொலை மரணங்கள் பெருமளவு குறைந்தன. கைக்கெட்டாமல் செய்வது உயிர் காக்கும். மனச்சுமையைப் பேச 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலும் பேசலாம்.

யாராவது நஞ்சை உட்கொண்டாலோ சுவாசித்தாலோ திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, வாந்தி எடுக்க வைக்காமல், உப்பு நீர் கொடுக்காமல், 112-ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தில்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கேட்கலாம். புறப்படும்போது மருந்தின் உறையையோ டப்பாவையோ நெகிழிப் பையில் கட்டி எடுத்துச் செல்லுங்கள். அதில் அச்சிட்டிருக்கும் முக்கோணத்தின் நிறம் நஞ்சின் கடுமையைச் சொல்லும். சிவப்பு மிகக் கொடியது. நிறத்தைவிட முக்கியம் சிறிய எழுத்தில் இருக்கும் வேதிப்பெயர். ஆர்கனோபாஸ்பேட் என்றால் அட்ரோபினை உடனே தொடங்குவார்கள். குளோர்ஃபெனபிர் என்றால் நன்றாகத் தெரிந்தாலும் வீட்டுக்கு அனுப்பாமல் வைத்துக் கண்காணிப்பார்கள். பாஸ்பைடு என்றால் வயிற்றில் நீர் செலுத்தத் தயங்குவார்கள். பாராகுவாட் என்றால் தேவையின்றி ஆக்சிஜனைக்கூடக் கொடுக்க மாட்டார்கள், அது அந்த நஞ்சுக்கு எரிபொருளாகிவிடும் என்பதால்.